சிஎஸ்ஆர் பணத்துக்கு அலைந்தோம், கேரம் மன்றத்தில் இடம் கிடைத்தது

வடசென்னை கொருக்குப்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலை டியூஷனைப் பெரிதாக்க ஏதாவது ஒரு கம்பெனி கைகொடுக்கும் என்று நம்பித்தான் இறங்கினோம். லாபம் பார்க்கும் பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். அதைத்தான் சிஎஸ்ஆர் பணம் என்கிறார்கள். மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனிக்கா பஞ்சம்?

இதற்காக ஆரம்பித்த டிரஸ்டின் பத்திரப் பதிவு சுலபமாகவே முடிந்தது. மாட்டிக்கொண்டது முகவரிச் சான்றில். நாங்கள் இருப்பது வாடகை அறை, கரண்ட் பில் வீட்டுக்காரப் பாட்டி பெயரில். ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். “கையெழுத்து போட்டா வீடு உங்க சங்கத்துக்குப் போயிடாதா தம்பி?” என்றார். அவர் மகனோ அதற்கும் மேல். கடைசியில் ஜெராக்ஸ் கடை அண்ணன் வந்து வரி வரியாகப் படித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைத் தொட்டார். அறை பிடிக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கிற கையோடு இந்தக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கம்பெனி படலம். அங்கிருந்த அதிகாரி ஒரு தடவைக்கு ஒரு காகிதம்தான் கேட்பார். முதலில் வருமான வரித் துறையின் பதிவுகள்: டிரஸ்டுக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி. அதைக் கொண்டுபோனால் சிஎஸ்ஆர் பணம் வாங்குபவர்கள் அரசிடம் பதிய வேண்டிய சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டாச்சா என்றார். 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவு எண் இல்லாமல் சிஎஸ்ஆர் பணம் வாங்க முடியாது. ஆடிட்டர் சான்றும் வேண்டும். அதையும் முடித்தோம். “மூணு வருஷ அனுபவம் காட்டணுமே, உங்க டிரஸ்டுக்கு ஒரு வயசுகூட ஆகலையே” என்றார். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிஞ்சியிருக்கும். போகும் முன் தேவையான காகிதங்கள் முழுவதையும் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

80ஜி வீண்போகவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிவிலக்கு கிடைக்காது. ஜிபே வழியாகவே வாங்குங்கள்.

ஆள் கிடைத்தது கல்லூரிகளில் இருக்கும் நாட்டு நலப்பணித் திட்டமான என்எஸ்எஸ் மூலம். அதில் சேரும் மாணவர்களுக்கு வருடத்துக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு வேண்டும், எங்களுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டும். வந்த நேரம், போன நேரம் எழுதி அன்றன்றே கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைத்ததும் கல்லூரியில் அதைக் கவனிக்கும் திட்ட அலுவலருக்கு எங்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. ரயில்வே கேட் மூடியிருந்தால் தாமதமாகத்தான் வருவார்கள், அதையும் நோட்டில் உள்ளபடியே எழுதுவோம்.

பிள்ளைகள் கூடக்கூட அறை போதவில்லை. பக்கத்துக் கேரம் மன்றத்தில் ராத்திரிதான் ஆட்டம். சாயங்காலம் சும்மா கிடந்த ஹாலை வாடகையில்லாமல் விட்டார்கள். போர்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்காருவோம். சீருடையெல்லாம் போரிக் பவுடர் ஆகிறது என்று அம்மாக்கள் திட்டினார்கள். பாய் விரித்த பிறகு அடங்கியது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. மார்ச், ஏப்ரலில் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு. அதே சமயத்தில் கல்லூரிக்காரர்களுக்கும் செமஸ்டர் நெருங்கிவிடும், ஒருவரும் வரமாட்டார்கள். இந்த வருடம் மன்றத்து அண்ணன் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், கணக்குப் பாடம் எடுத்தார். நன்றாகவே எடுத்தார். ஷிப்ட் மாறுகிற வாரத்தை மட்டும் அவரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.