வலோங்கோவில் இறங்கியவர்கள்

ரியோ டி ஜெனிரோவின் துறைமுகப் பகுதியில், மௌவா சதுக்கத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் சாலையோரம் ஒரு பள்ளம் வரும். உள்ளே மேடும் பள்ளமுமாகக் கற்கள் பாவிய தரை. விவரப் பலகையைப் படிக்காவிட்டால், ஏதோ சாலை வேலை பாதியில் நிற்கிறது என்று நினைத்துக் கடந்துபோய்விடலாம். அதுதான் வலோங்கோ துறை. 1811-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கல்துறை வழியாக ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக இறக்கப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2017-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த எண்ணை இன்னொன்றோடு சேர்த்து வைத்தால்தான் அதன் கனம் புரிகிறது. அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதிலும் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் நான்கு லட்சம் பேர். ரியோவின் இந்த ஒரு துறையில் இறங்கியவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பிரேசில் முழுவதற்கும் கொண்டுவரப்பட்டவர்கள் ஐம்பது லட்சத்தை நெருங்குகிறார்கள். அடிமை முறை என்றால் பருத்திக் காடும் மிசிசிப்பி ஆறும், பிரேசில் என்றால் கால்பந்தும் கார்னிவலும் என்றுதான் நமக்கெல்லாம் பள்ளியிலிருந்து பதிந்திருக்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்த அந்தக் கப்பல்களில் பெரும்பங்கு தெற்கே வந்தவை.

இந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பதில்தான் எனக்குப் பிரேசிலின் கதையே இருப்பதாகப் பட்டது. 1831-இல் அடிமை இறக்குமதியைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். கடத்தல் தொடர்ந்தது, ஆனால் தலைநகரின் கண்ணெதிரே இருந்த வலோங்கோ ஓய்ந்தது. 1843-இல் பேரரசர் இரண்டாம் பெட்ரோவுக்கு வாழ்க்கைப்பட்டு நேப்பிள்ஸிலிருந்து தெரேசா கிறிஸ்தீனா கப்பலில் வந்தார். அவர் இறங்குவதற்காக, அடிமைகள் மிதித்த கற்களுக்கு மேலேயே புதுக் கற்களைப் பாவி 'பேரரசித் துறை' என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தை விரிவாக்கக் கடலைத் தூர்த்தபோது அதுவும் மண்ணுக்குள் போனது. பிறகு 2011-இல், ஒலிம்பிக்கை முன்னிட்டுப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோது, இரண்டு துறைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளியே வந்தன. இப்போது ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தால் பேரரசியின் வரிசையான கற்களும், அதற்குக் கீழே அடிமைத் துறையின் கரடுமுரடான கற்களும் தனித்தனியாகத் தெரியும். கடல் தள்ளிப் போய்விட்டது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சாதாரண வீடு இருக்கிறது. 1996-இல் அதன் உரிமையாளர்களான தம்பதி, வீட்டைப் பழுதுபார்க்கத் தரையைத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. முதலில் யாரோ கொலை செய்து புதைத்திருக்கிறார்கள் என்று பயந்தார்களாம். அது 'புதிய கறுப்பர்கள்' இடுகாடு: கப்பலிலிருந்து இறங்கி, விற்கப்படுவதற்கு முன்பே இறந்துபோனவர்களைச் சடங்கில்லாமல் குவியலாகப் போட்ட இடம். அந்தத் தம்பதி வீட்டை விற்றுவிட்டுப் போகவில்லை, நினைவகமாக்கினார்கள். 2017-இல் அங்கே முதன்முறையாக ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தது. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அறைக்குள் நின்று அந்தக் குழியைப் பார்க்கும்போது, இந்த மண்ணில் அவள் எத்தனை நாள் உயிரோடு இருந்திருப்பாள் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பக்கத்திலேயே பெத்ரா தோ சல் என்ற பாறைச் சரிவு. சம்பா இசை உருவாகி வளர்ந்த இடங்களில் ஒன்று. திங்கட்கிழமை இரவில் போனால் நிற்க இடம் கிடைக்காது. ஊரே ஆடுகிறது, அவசியம் போங்கள், ஆனால் பகலில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

1888 மே 13 அன்று இளவரசி இசபெல் கையெழுத்திட்ட சட்டம் அடிமை முறையை ஒழித்தது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக அதைக் கைவிட்ட நாடு பிரேசில்தான். அந்தச் சட்டத்துக்கு இரண்டே பிரிவுகள்: அடிமை முறை ஒழிந்தது, இதற்கு மாறான ஏற்பாடுகள் ரத்து. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ பணமோ பள்ளிக்கூடமோ அதில் இல்லை. அடுத்த ஆண்டே முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. 1890-இல் அந்தக் குடியரசின் நிதியமைச்சர் ருய் பார்போசா, அரசு அலுவலகங்களில் இருந்த அடிமைகள் பற்றிய பதிவேடுகளை எரிக்க ஆணையிட்டார். முன்னாள் எஜமானர்கள் அவற்றைக் காட்டி நட்டஈடு கேட்கக்கூடாது என்பதற்காக என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். பாட்டனாரின் பெயரைத் தேடும் பேரப்பிள்ளைகளுக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை.

அதே 1890-இல் வந்த குடியேற்ற ஆணை, உழைக்கத் தெம்புள்ளவர்கள் யாரும் பிரேசிலுக்கு வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, ஆசிய, ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவர்கள் மட்டும் நாடாளுமன்றத்தின் அனுமதியோடுதான் வரவேண்டும் என்றது. நம்மையும் சேர்த்துத்தான். இத்தாலியிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களுக்கோ கப்பல் கட்டணத்தை அரசே கொடுத்தது. நோக்கத்தை யாரும் மறைக்கவில்லை. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஜோவாவ் பத்திஸ்தா தெ லாசெர்தா 1911-இல் லண்டனில் நடந்த மாநாட்டில், கலப்பு மணங்களின் வழியாக ஒரு நூற்றாண்டுக்குள் பிரேசிலில் கறுப்பர்களே இல்லாமல் போவார்கள் என்று அறிவியல் கணிப்பாகவே சொன்னார். அதற்கு அவர் துணைக்கு எடுத்துக்கொண்டது மொதெஸ்தோ புரோகோஸ் 1895-இல் வரைந்த ஓவியம். வெறுங்காலோடு நிற்கும் கறுப்புப் பாட்டி வானத்தைப் பார்த்துக் கைகளை உயர்த்துகிறாள். கலப்பு நிறத்து மகள். பக்கத்தில் வெள்ளைக்கார மருமகன். மகள் மடியில் வெள்ளைக் குழந்தை. பாட்டி நன்றி சொல்கிறாள். தன் இனம் அழிவதற்கு ஒரு கிழவி கடவுளுக்கு நன்றி சொல்வதாக வரைந்து, அதைத் தேசத்தின் எதிர்காலம் என்று காட்டியிருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் கோபம் வந்தது இதை அறிந்தபோதுதான்.

1930களில் காற்று திசை மாறியது. கலப்பு என்பது அவமானம் அல்ல, அதுவே பிரேசிலின் அடையாளம் என்று அறிஞர்களும் அரசும் பேசத் தொடங்கினார்கள். 1890-இன் தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இருந்த கபோய்ரா என்ற கறுப்பர்களின் தற்காப்புக் கலை தேசிய விளையாட்டானது. சம்பா வானொலிக்குப் போனது. எங்களிடம் இனப் பிரச்சினையே இல்லை, எல்லோரும் கலந்தவர்கள் என்பது நாட்டின் பெருமிதமாக நிலைத்தது.

அந்தப் பெருமிதம் முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் மாநிறத்தைப் பார்த்து அங்கே யாரும் என்னை வெளியூர்க்காரனாக நினைக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் கிழவிகள் என்னிடம் வழி கேட்டார்கள்; மருந்துக்கடையில் போர்த்துகீசிய மொழியில் முழு விளக்கமும் கொடுத்தார்கள். பல ஊர்களில் அந்நியனாக உற்றுப் பார்க்கப்பட்ட எனக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று எழுதிக் காட்ட முடியாது.

ஆனால் சாவ் பாவ்லோவில் லிஃப்ட் வாசல்களில் ஒரு பலகை மாட்டியிருப்பதைப் பார்த்தேன். இனம், பால், நிறம், சமூக நிலை முதலியவற்றைக் காட்டி லிஃப்டில் யாரிடமும் பாகுபாடு காட்டுவது தடை என்கிறது அது. 1996-இன் நகரச் சட்டம். பழைய அடுக்குமாடிகளில் குடியிருப்போருக்கு ஒரு லிஃப்ட், வேலைக்கு வருகிறவர்களுக்கு இன்னொன்று. பிரச்சினையே இல்லாத ஊரில் அந்தப் பலகைக்குத் தேவை வந்திருக்காது.

அதே நகரத்தில் லிபெர்தாதே என்ற பகுதி, சிவப்பு விளக்குக் கம்பங்களும் ராமென் கடைகளுமாக ஜப்பானியர் பேட்டை என்று பேர்பெற்றது. 1908-இல் 'கசாத்தோ மாரு' கப்பலில் சாந்தோஸ் துறைமுகம் வந்த 781 பேரில் தொடங்குகிறது பிரேசிலின் ஜப்பானியர் வரலாறு. ஆனால் அந்தச் சதுக்கம் அதற்கு முன்பு தூக்குமேடை நின்ற இடம். பக்கத்தில் அடிமைகளையும் ஏழைகளையும் தூக்கிலிடப்பட்டவர்களையும் புதைத்த இடுகாடு. ஒரு சந்துக்குள் 'துயருற்றோர் சிற்றாலயம்' மட்டும் மிச்சமிருக்கிறது. 1821-இல் சம்பளப் பாக்கி கேட்டுக் கலகம் செய்து தூக்கிலிடப்பட்ட ஷாகின்யாஸ் என்ற கறுப்புப் படைவீரனை மக்கள் அங்கே புனிதராகவே வணங்குகிறார்கள். மரக்கதவை மூன்று முறை தட்டி வேண்டுதலைச் சொல்கிறார்கள். 2018-இல் மெட்ரோ நிலையத்தின் பெயரை 'ஜப்பான்-லிபெர்தாதே' என்று மாற்றியபோது கறுப்பர் அமைப்புகள் எதிர்த்தன. அதே ஆண்டு பக்கத்து மனையில் பழைய எலும்புகள் கிடைத்தன. ஜப்பானியர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவர்களும் பட்டவர்கள்தான். மேலே இருப்பதற்குப் பெயர்ப்பலகை வைத்தபோது கீழே இருப்பதை விட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

விட்டுப்போனதைக் கணக்கில் சேர்க்கும் வேலை இப்போது நடக்கிறது. 2003-இல் ஆப்பிரிக்க-பிரேசிலிய வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிப்பது கட்டாயமானது. 2012-இல் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழக இடஒதுக்கீட்டை ஒருமனதாக ஏற்றது. அதே ஆண்டு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, அவற்றுக்குள் கறுப்பர், கலப்பினத்தார், பழங்குடியினருக்குப் பங்கு என்று சட்டம் வந்தது. யார் கறுப்பர் என்று யார் சொல்வது? 2007-இல் பிரசிலியா பல்கலைக்கழகத்தின் குழு, அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த இரட்டையரில் ஒருவரைக் கறுப்பர் என்று ஏற்று மற்றவரை மறுத்தது. இடஒதுக்கீட்டை வெறுத்தவர்களுக்கு அது பல ஆண்டுகளுக்குத் தீனி போட்டது. நிறத்தை முடிவு செய்யத் திணறுவது உண்மை. ஆனால் வேலைக்கு ஆளெடுக்கும்போதும், காவலர் தெருவில் நிறுத்திச் சோதிக்கும்போதும் யாரும் திணறுவதில்லையே என்று கறுப்பர் இயக்கங்கள் கேட்பதற்கு எனக்குத் தெரிந்து பதில் இல்லை.

கடைசியாகப் போனது சால்வடார், 1763 வரை தலைநகராக இருந்த ஊர். அங்கும் லிபெர்தாதே என்று ஒரு பகுதி உண்டு. 'இலே அய்யே' என்ற கார்னிவல் குழு 1974-இல் அங்கே தொடங்கியது. வசதியான குழுக்களில் கறுப்பர்களைச் சேர்க்காத காலம் அது. ஆகவே கறுப்பர்கள் மட்டுமே சேரலாம் என்று இவர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு கார்னிவலில் இறங்கியபோது, ஒரு நாளிதழ் அவர்களைத்தான் இனவெறியர்கள் என்று எழுதியது.

பெலோரின்யோவில், சாட்டையடிக் கம்பம் நின்ற சதுக்கத்தில், எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டிப் பெண்ணிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிக் கேட்டேன். அங்கே ஒவ்வொருவரும் தன் நிறத்தைத் தானே சொல்ல வேண்டும்: வெள்ளை, கறுப்பு, கலப்பைக் குறிக்கும் பார்டோ, ஆசியரைக் குறிக்கும் மஞ்சள், பழங்குடி. "2010-இல் அம்மாதான் வீட்டில் எல்லோருக்கும் பார்டோ என்று சொன்னார். 2022-இல் நான் கறுப்பு என்றேன். ஏன் உன்னை நீயே இறக்கிக்கொள்கிறாய் என்று அம்மா அழுதார். அவர் பார்டோதான் இன்னும். பதிந்துகொண்டு போய்விட்டார்கள்" என்றார். அந்தக் கணக்கெடுப்பில் பார்டோ 45.3 சதவீதம், வெள்ளையரை, 43.5 சதவீதத்தை, முந்தியது. கறுப்பு என்று சொன்னவர்கள் 7.6 சதவீதத்திலிருந்து 10.2 ஆனார்கள். லாசெர்தா சொன்ன நூற்றாண்டு 2011-இல் முடிந்துவிட்டது.

போக நினைப்பவர்கள் நவம்பர் 20-ஐ ஒட்டித் திட்டமிடுங்கள். பால்மாரெஸ் காட்டில் தப்பிய அடிமைகளின் குடியிருப்புகளைக் காத்து நின்ற சும்பி 1695-இல் கொல்லப்பட்ட நாள் அது. 2024 முதல் நாடு முழுவதற்கும் விடுமுறை. சால்வடாரிலும் ரியோவிலும் அன்று ஊர்வலங்கள் இருக்கும். அறைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.