விஎம்வேர்ல இருந்து மாறினோம், ஒரு பழைய இன்வாய்ஸ் படுத்தின பாடு

2025 விசாக தின லாங் வீக்கெண்ட் மூணு நாளும் ஆபீஸ்லதான் கிடந்தேன், இப்பத்தான் மூச்சு விட முடியுது, மறக்கிறதுக்குள்ள எழுதிடுறேன். சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல சின்ன கம்பெனி, ரெண்டு சர்வர், அதுல 14 விஎம் (ஒரே சர்வருக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற வெர்ச்சுவல் மெஷின்), ஐடிக்கு நான் ஒரே ஆள். இதையெல்லாம் ஓட்டிட்டிருந்தது விஎம்வேர்ங்கிற சாப்ட்வேர், அதை விட்டுட்டு ப்ராக்ஸ்மாக்ஸ்ங்கிற சாப்ட்வேருக்கு மாறினோம்.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 2023 நவம்பர்ல பிராட்காம் விஎம்வேரை வாங்கினாங்க, அடுத்த மாசமே பெர்பெச்சுவல் லைசென்ஸ் (ஒரு தடவை வாங்கினா எப்பவும் செல்லும்) விக்கிறது நின்னுபோச்சு, இனிமே சப்ஸ்கிரிப்ஷன்தான், அதுவும் ஒரு சிபியுக்கு குறைஞ்சது 16 கோர் (சிபியுக்குள்ள வேலை செய்யுற பகுதி)னு கணக்கு. எங்ககிட்ட இருக்கிறது 8 கோர் சிபியு நாலு. அதாவது 32 கோரை வச்சுக்கிட்டு 64க்கு கட்டணும். ஓடிட்டிருந்த வெர்ஷன் 7க்கும் சப்போர்ட் 2025 அக்டோபர் 2 வரைக்கும்தான்னு இருந்துது.

ரீசெல்லர்கிட்ட கோட்டேஷன் கேட்டு மூணு வாரம் பதிலே இல்ல, வந்ததுலயும் கோர் எண்ணிக்கை தப்பு, திருப்பி அனுப்பினா இன்னொரு வாரம். அதுக்காக சும்மா காத்திருக்காதீங்க, அந்த நேரத்துல ஒரு பழைய பிசியில வேற பிளாட்ஃபார்மைப் போட்டுப் பார்த்துடுங்க.

எதுக்கு மாறுறதுன்னு ரொம்ப மண்டையை உடைக்கல. மைக்ரோசாப்ட் ஹைப்பர்-வியோட தனி இலவச எடிஷன் 2019ஓட முடிஞ்சுபோச்சு. எக்ஸ்சிபி-என்ஜிங்கிற இன்னொரு பிளாட்ஃபார்ம் எனக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்துது, ஆனா நாங்க வச்சிருக்கிற வீம்ங்கிற பேக்கப் சாப்ட்வேர் 12.2ல இருந்து ப்ராக்ஸ்மாக்ஸை சப்போர்ட் பண்ணுது, மறுபடி பேக்கப்பையும் மாத்த எனக்குத் தெம்பு இல்ல, ப்ராக்ஸ்மாக்ஸ்னு முடிவு பண்ணிட்டேன். அதோட சப்ஸ்கிரிப்ஷன் சாக்கெட் (சிபியு எண்ணிக்கை) கணக்குதான், கோர் கணக்கு இல்ல. ஒண்ணு மட்டும் கவனம், ப்ராக்ஸ்மாக்ஸ்காரங்க இருக்கிறது வியன்னாவுல, மே மாசத்துல நமக்கு மதியம் 3 மணி ஆனாத்தான் அங்க காலை 9, சனி ஞாயிறு சப்போர்ட்டும் கிடையாது.

விஎம் மாத்துறது பெரும்பாலும் ப்ராக்ஸ்மாக்ஸோட இம்போர்ட் விசார்டுலயே வந்துடுச்சு. விசென்டர் (எல்லா விஎம்வேர் சர்வரையும் ஒரே இடத்துல நிர்வகிக்கிறது) வழியா இழுக்காதீங்க, ரொம்ப ஸ்லோ, நேரா ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டையே (விஎம்வேர் ஓடுற சர்வர்) சேருங்க. விண்டோஸ்ல விஎம்வேர் டூல்ஸை (விஎம்முக்குள்ள போட்டிருக்கிற விஎம்வேரோட டிரைவர் தொகுப்பு) மாத்துறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, அப்புறம் அன்இன்ஸ்டால் பண்ண விடாது. விர்ட்ஐஓ (ப்ராக்ஸ்மாக்ஸ்ல வேகமா ஓடுற டிஸ்க் வகை) டிரைவர் இல்லாம டிஸ்க்கை விர்ட்ஐஓல மாட்டினா நீலத் திரைதான், முதல்ல சாதாரண சாட்டா டிஸ்க்கா பூட் பண்ணி டிரைவர் போட்டுட்டு மாத்துங்க. கிளஸ்டர்ல ரெண்டே நோடு, அதாவது சர்வர்னா, மூணாவதா ஒரு சின்ன மெஷின்ல க்யூடிவைஸ் (மூணாவது ஓட்டு போடுறது) வைங்க, இல்லன்னா ஒண்ணை ரீபூட் பண்ணும்போது கோரம் (பெரும்பான்மை ஓட்டு) இல்லன்னு இன்னொண்ணு எந்த விஎம்மையும் ஸ்டார்ட் பண்ண விடாது.

மாட்டினது சம்பள சாப்ட்வேர் ஓடுற விஎம்ல. அதுல பழைய ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையைச் சேமிச்சு வச்சது) நிறைய தொங்கிட்டு இருந்துது, விசார்டுல சரியா வரல, அதனால டிஸ்க்கை மட்டும் க்ளோன் பண்ணி கையால புது விஎம் போட்டு மாட்டினேன். திங்கக்கிழமை ராத்திரி திறந்தா லைசென்ஸ் செல்லாதுன்னு வருது. ஏப்ரல்லயே அந்த சாப்ட்வேர்காரங்களுக்கு போன் பண்ணி கேட்டிருந்தேன், எதுல ஓடினாலும் பிரச்சனை இல்லன்னு சொன்னாங்க, வாயாலதான், எழுத்துல ஒண்ணும் வாங்கல. மே 14க்குள்ள சிபிஎஃப் (ஊழியர்களோட சேமநிதிப் பணம்) கட்டியாகணும், செவ்வாய்க்கிழமை காலையில அக்கவுண்ட்ஸ் அக்கா வந்து "தம்பி, நாளைக்கு கடைசி நாள்டா, ஃபைன் வந்தா முதலாளி என்னைத்தான் கேப்பாரு"ன்னு நிக்கிறாங்க.

அந்த சாப்ட்வேர்காரங்க ஆபீஸ் ஊபியில, ஒரே ஸ்டேஷன், நேர்லயே போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் ஸ்க்ரீனைக்கூடப் பாக்கல, வாங்கினப்போ கொடுத்த ஒரிஜினல் இன்வாய்ஸ் வேணும், இல்லன்னா லைசென்ஸ் மாத்தித் தர முடியாதுன்னுட்டார். வாங்கினது 2014ல! இங்க கணக்குப் பேப்பர் 5 வருஷம் வச்சிருந்தா போதும்னு எல்லாரும் கழிச்சுக் கட்டிடுறாங்க, எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். முதலாளி உட்லண்ட்ஸ் ஸ்டோர்ல தேடிப் பாருன்னார், அங்க மூணு மணி நேரம் பெட்டி பெட்டியா கிளறினேன், இல்ல.

ராத்திரி மறுபடி உக்காந்து லைசென்ஸ் ஃபைலைத் திறந்து பாத்தா அதுல 00:50:56ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர். அது விஎம்வேர் கொடுக்கிற மேக் அட்ரஸ், அதாவது நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்! புது விஎம்முக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் தானா வேற மேக் போட்டிருந்துது. நல்ல வேளை பழைய விஎம்எக்ஸ் ஃபைலை (விஎம்மோட செட்டிங் எல்லாம் இருக்கிறது) காப்பி எடுத்து வச்சிருந்தேன், அதுல இருந்த மேக்கை அப்படியே நெட்வொர்க் டிவைஸ்ல டைப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினேன், திறந்துடுச்சு. மணி 9:40, தனியா உக்காந்து கை தட்டினேன்.

புதன்கிழமை மதியத்துக்குள்ள அக்கா சிபிஎஃப் அனுப்பிட்டாங்க. நீங்க மாத்துறதா இருந்தா டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லா விஎம்எக்ஸ் ஃபைலையும் தனியா எடுத்து வைங்க, சாப்ட்வேர்காரங்ககிட்ட மெயில்லயே பதில் வாங்குங்க, பழைய ஹோஸ்டை ஒரு வாரமாவது அழிக்காதீங்க, நான் ரெண்டு ஹோஸ்டையும் ஞாயித்துக்கிழமையே அழிச்சுட்டேன். அந்த சாப்ட்வேர்காரங்க இன்னும் என் மெயிலுக்குப் பதில் போடல.