நகச்சுற்று என்று நினைத்த வீக்கம்

பெரியப்பாவின் வலக்கை நடுவிரல் நுனி வீங்கியபோது ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். நகச்சுற்று என்றே அனைவரும் நினைத்தோம். பெரியம்மா எலுமிச்சம்பழத்தைத் துளையிட்டு விரலில் செருகிவிட்டார். ஆறு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் உட்கொண்டும் வலி குறையாததால் சேலத்திற்கு இறங்கி எக்ஸ்ரே எடுத்தோம். விரலின் கடைசி எலும்பு பாதிக்குமேல் அரிக்கப்பட்டிருந்தது. திசுப் பரிசோதனையில் தெரிந்தது நுரையீரல் புற்றுநோய். புகையிலையையே தொடாதவர், இருமல்கூட இருந்ததில்லை.

இந்நோய் பெரும்பாலும் மூளை, முதுகெலும்பு, கல்லீரல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி ஆகியவற்றுக்குப் பரவும். விரல் நுனி மிக அரிது. ஆயினும் கை எலும்புகளுக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரலில் தொடங்கியவையே அதிகம். கண்ணின் உட்படலம், ஈறு, தோல், சிறுகுடல் ஆகிய இடங்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் அபூர்வமாகப் பரவுவதுண்டு.

"விரலை எடுத்துவிட்டால் போதாதா?" என்று பெரியம்மா கேட்டார். நோய் இரத்தத்தின் வழியே விரலுக்கு வந்தது என்பதால், விரலை அகற்றினால் வலி போகுமே தவிர நோய் போகாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிகிச்சையைத் தீர்மானிப்பது முக்கியமாக அது எந்த உறுப்பில் தொடங்கியது, எந்த மரபணு மாற்றத்தால் வளர்கிறது என்பதே. பரிசோதிப்பதற்காக எலும்புத் துணுக்கை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கும்போது டி.என்.ஏ. சிதைந்துவிடக்கூடும் என்பதால், மரபணுச் சோதனைக்காக நுரையீரலிலிருந்தே ஊசி மூலம் வேறொரு துணுக்கு எடுத்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் உடனே கீமோ தொடங்கச் சொல்லி உறவினர்கள் நெருக்கினார்கள். மருத்துவர் காத்திருக்கலாம் என்று சொன்னால் காத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள். புகைக்காதவர்களிடமும் ஆசியரிடமும் கூடுதலாகக் காணப்படும் இ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவின் மாற்றம் அவருக்கு இருந்தது. அதற்கென்றே உள்ள ஆசிமெர்டினிப் மாத்திரை, தினமும் 80 மில்லிகிராம், போதுமானதாயிற்று. விரல் வலிக்கு ஒரே அமர்வில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்தார்கள்; மூன்றாவது வாரத்தில் அவர் அந்தக் கையாலேயே சோறு பிசைந்து உண்டதைக் கண்டு பெரியம்மா அழுதுவிட்டார்.

நான்காம் மாதம் இடக்கைக் கட்டைவிரல் நகத்தோரம் சிவந்து வீங்கியது. அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கவில்லை. விடிந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கினோம். மருத்துவர் விரலைப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார். எலும்பு முழுமையாக இருந்தது. இம்மாத்திரையின் பக்கவிளைவாக நகச்சுற்று வருவதுண்டாம். களிம்பு எழுதிக் கொடுத்தார். அடுத்த ஸ்கேன் தை மாதத்தில்.