பத்தாம் நாள் காலையில் போட்ட சினை ஊசி

எங்கள் கலப்பின ஜெர்சிப் பசு மூன்றாம் ஈத்துக்குப் பிறகு 5 மாதம் சினை பிடிக்காமல் நின்றது. முதல் இரண்டு சினை ஊசிகளும் (செயற்கைக் கருவூட்டல்) பொய்த்ததற்குப் பசுவைக் குறைசொல்ல முடியாது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல்முறை, விடியற்காலையில் பால் கறக்கும்போது அது கத்துவதையும் வாலடியில் கண்ணாடி போன்ற கோழை தொங்குவதையும் பார்த்து, 7 மணிக்கே சினை ஊசி போடும் ஆளை வரவழைத்துவிட்டேன். பருவ அறிகுறிகள் அடங்கிச் சில மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவரும் என்பதால், காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவதே முறை. அடுத்த பருவத்தில் நேரம் தவறவில்லை. ஆனால் வந்தவர் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த உறைவிந்துக் குச்சியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்கினார். 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து, ஈரத்தைத் துடைத்த பிறகே விந்து செலுத்தும் துப்பாக்கியில் ஏற்ற வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பசு கத்தவேயில்லை. சினை பிடித்துவிட்டது என்று நம்பி இரண்டு மாதம் காத்திருந்து கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். கையுறை அணிந்து ஆசனவாய் வழியே சோதித்தவர், கரு இல்லை என்றும், வலது சினைப்பையில், கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் தட்டுப்படுவதால் பருவச் சுழற்சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வெளியில் தெரியவில்லை என்றும் சொன்னார். ஊமைப் பருவம். பருவத்துக்காகக் காத்திராமல், கருமுட்டை வெளிவரும் நேரத்தையே மருந்தால் ஒழுங்குபடுத்தலாம் என்றார்.

திங்கட்கிழமை மாலை, கருமுட்டை வெளிவரத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோன் ஊசி. அடுத்த திங்கள் மாலை, மஞ்சள் திரளைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின். புதன் மாலை 5 மணிக்கு மறுபடியும் ஜிஎன்ஆர்எச். வியாழன் காலை 9 மணிக்குச் சினை ஊசி. இரண்டாவது மருந்து சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும் என்பதால், அதைப் போடும் முன் மறுபடியும் கைவிட்டுப் பார்த்துக்கொண்டார். மாட்டின் தலைக்கயிற்றைப் பிடிக்க வந்த என் மருமகள் கர்ப்பமாக இருப்பதை அறிந்ததும், அந்த மருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் ஏறும் என்று சொல்லி, அவரைத் தொழுவத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார். மருந்துப் பெட்டியில் இருந்த சிறு எழுத்தை நாங்கள் யாரும் படித்திருக்கவில்லை.

வியாழனன்று எனக்கும் அவருக்கும் சிறு வாக்குவாதம். கிடேரிக் கன்று வேண்டுமென்று பாலினம் பிரித்த விந்தைக் கேட்டேன். அதில் சுமார் 90 சதவீதம் கிடேரியே பிறக்கும். ஆனால் சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி உயிரணுக்கள் இருக்க, இதில் 20 லட்சம் அளவே இருக்கும் என்பதாலும், பிரிக்கும்போதே அவை நலிந்துவிடுவதாலும், சினை பிடிக்கும் வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே இரண்டு முறை தவறிய பசுவில் அதை வீணாக்காமல், கன்று போடாத இளங்கிடேரிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுத்துவிட்டார். அன்று எனக்கு அது பிடிக்கவில்லை.

பசுவிடம் அன்றும் கத்தலோ கோழையோ பெரிதாக இல்லை. பருவமே தெரியாத மாட்டுக்கு ஊசி போடுவதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சிரித்துவிட்டுப் போனார். 70ஆம் நாள் பரிசோதனையில் சினை நின்றிருப்பது உறுதியாயிற்று.

அதே வாரம் எங்கள் இளங்கிடேரி மாலை 6 மணிக்குக் கத்தத் தொடங்கியது. இரவெல்லாம் அது கத்தியும் பொறுத்திருந்து, மறுநாள் காலையில் பாலினம் பிரித்த விந்தைப் போடச் சொன்னேன். வெந்நீரை வெப்பமானி வைத்து நானே அளந்து கொடுத்தேன். அடுத்த பருவம் வர வேண்டிய 21 நாள் கடந்தும் அது கத்தவில்லை. ஊமைப் பருவத்தால் ஒருமுறை ஏமாந்தவன் என்பதால், மகிழ்ச்சியைத் தள்ளிவைத்து, பரிசோதனைத் தேதியைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன்.