பேட்டர்ன் பட்டறையில் ஒரு கேம்பேட்

கோவை கணபதியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், பவுண்டரிகளில் வார்ப்புக்கு அச்சு எடுக்க உதவும் மர மாதிரிகளான பேட்டர்ன்களைச் செதுக்கும் ரௌட்டர் என்ற எந்திரம் ஒன்று இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள்தான் அதை இயக்குகிறது. கட்டர் முனையைக் கட்டையின் மூலைக்குக் கொண்டுவரும்போது கண் முனைமேல் இருக்க வேண்டும். கீபோர்டோ எட்டாத மேசையில். இதற்கென்று விற்கும் கையடக்கப் பெட்டியின் விலையைக் கேட்ட முதலாளி, வயர் உள்ள யூஎஸ்பி கேம்பேட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, இது பிள்ளைகள் விளையாடுகிற சாமான் ஆயிற்றே?" என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

கணினியில் செருகியதும், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை அதன் அடையாள எண்ணை 0079:0006 என்று காட்டியது. மலிவான கேம்பேட்கள் பலவற்றில் இருக்கும் டிராகன்ரைஸ் சிப். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர் இருப்பதால் எதையும் நிறுவவில்லை. ஜேஎஸ்டெஸ்ட் என்ற சோதனை நிரலில் எல்லாப் பொத்தான்களும் பதில் சொல்லின. விளையாட்டுக்கு இது போதும்.

லினக்ஸ்சிஎன்சியில் உள்ளீடுகளையும் மோட்டார்களையும் இணைக்கும் பகுதிக்கு ஹால் என்று பெயர். கேம்பேடை அதனுடன் சேர்க்கும் ஹால்_இன்புட், கேம்பேடின் அசைவுகள் வந்துசேரும் ஈவென்ட் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை என்று நின்றது. சாதனங்களுக்கான அனுமதியைத் தீர்மானிக்கும் யூடெவ் விதி ஒரு வரி எழுதியதும் சரியானது. கேம்பேடை எண்ணால் அல்லாமல் பெயரால் குறிப்பிட்டேன். கழற்றி மாட்டினால் ஈவென்ட் எண் மாறிவிடக்கூடும்.

உண்மையான வேலை குச்சியில்தான் இருந்தது. அதன் மதிப்பு 0 முதல் 255 வரை. கையை எடுத்தால் நடுவில் 127, 128 என நிற்க வேண்டும். ஆனால் சற்றுத் தள்ளியே நிற்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அல்ல. விளையாட்டில் யாருக்கும் இது உறைக்காது. இங்கே யாரும் தொடாமலேயே ரௌட்டர் ஊர்ந்தது. நடுவைச் சுற்றியுள்ள சிறு அசைவுகளைப் பூஜ்யமாகக் கொள்ளும்படி ஃப்ளாட் மதிப்பைக் கூட்டினேன். அதை மட்டும் நம்ப மனமில்லை. தோள்பட்டைப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் எந்த அச்சும் நகரும் என்றும் ஹாலில் கட்டிவிட்டேன். குச்சியை மேலே தள்ளினால் எண் குறைவது லினக்ஸ் வழக்கம். அதனால் ஒய் அச்சின் குறியைத் திருப்ப வேண்டியிருந்தது.

ஒரு பொத்தானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அவசர நிறுத்தமாக்கலாம் என்றார் முதலாளி. அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாரின் மின் இரைச்சலில் யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோகலாம். நிறுத்தும் சுவிட்ச், மின்சாரத்தை நேராகத் துண்டிக்கும் தனி வயரிலேயே இருக்க வேண்டும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

குச்சியடியில் மரத்தூள் புகுந்துவிடுகிறது. அதே சிப் உள்ள இன்னொரு கேம்பேட் வாங்கி வைத்திருக்கிறோம். வேறு வகை வாங்கினால் பெயரும் பொத்தான் வரிசையும் மாறி, ஹால் கோப்பைத் திரும்ப எழுத வேண்டிவரும்.