சுண்ணாம்புச் சுவரில் எந்த நீலம்? செட்டிநாட்டுச் செதில்களில் சோதனை

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் (உள்முற்றப் பகுதி) சுண்ணாம்புப் பூச்சின் மேல் தெரியும் நீலம் எந்த நிறமி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தானாக உதிர்ந்து கீழே கிடக்கும் கடுகளவு செதில் போதும். சுவரைச் சுரண்டவே வேண்டாம். உதிர்ந்ததை எடுக்கவும் வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வில்லைகள். நன்றாக ஊறிய சுண்ணாம்பு விழுது 100 கிராம், சலித்த மணல் 100 கிராம், நிறமி 5 கிராம். ஓட்டுத் துண்டை ஊறவைத்து அதன் மேல் 2 மி.மீ. கனத்தில் பூசி, ஈரச் சாக்கால் மூட வேண்டும். காய்ந்த ஓட்டில் பூசினால் ஓடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், வில்லை வெடிக்கும். எடுத்துக்கொண்ட நீலங்கள்: பொடி நீலம் (இதுதான் அல்ட்ராமரின், வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலப்பதும் இதையே. சொட்டு நீலம் சாயம், இதற்கு உதவாது), புரூசிய நீலம், அவுரி, கோபால்ட் நீலம், தாலோசயனின் நீலம்.

வில்லை நிலையிலேயே ஒரு விடை வந்துவிட்டது. ஈரச் சுண்ணாம்பின் காரத்தில் புரூசிய நீலம் நிற்கவில்லை. மங்கி, துருப்பிடித்த பழுப்பாக மாறியது. அதிலுள்ள இரும்பு ஹைட்ராக்சைடாகிப் பிரிவதுதான் காரணம். ஆகவே சுண்ணாம்புச் சுவரில் புரூசிய நீலம் தெளிவாக இருக்கிறது என்றால், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பசையிலோ எண்ணெயிலோ குழைத்துப் பூசியிருக்கிறார்கள். ஓவியம் எப்படித் தீட்டப்பட்டது என்பதற்கே இது சான்று. மற்ற நான்கும் தாக்குப்பிடித்தன. கருப்பட்டி சேர்த்த சாந்தில் மட்டும் அவுரியைக் கலக்காதீர்கள். சாயத்தொட்டியில் அவுரியைக் கரைய வைப்பதே சுண்ணாம்பும் வெல்லமும்தான்.

செதில் சோதனையின் வரிசையை மாற்றக் கூடாது: முதலில் காரம், பிறகு அமிலம், கடைசியில் சூடு.

100 மி.லி. தண்ணீரில் 4 கிராம் காஸ்டிக் சோடா. கண்ணாடி வில்லையில் துகளை வைத்து ஒரு சொட்டு விட்டு, உருப்பெருக்கியில் பார்க்கவும். பழுப்பானால் புரூசிய நீலம். சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அது சயனைடுச் சேர்மம், அதைச் சூடாக்குவதும் கடும் அமிலத்தில் காய்ச்சுவதும் ஆபத்து.

மாறாவிட்டால், புதுத் துகளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: 30 மி.லி. தண்ணீரில் 10 மி.லி. அடர் அமிலம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில். செதிலோடு ஒட்டிய சுண்ணாம்பு நுரைத்து அமிலத்தைத் தின்றுவிடும். நீலம் அப்படியே இருக்கும், 'அல்ட்ராமரின் இல்லை' என்று தவறாக முடிவு கட்ட நேரும். நுரை அடங்கும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு, அதன் பிறகும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அல்ட்ராமரின் வெளுக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். மூக்கை நம்பாமல் ஈய அசிடேட்டில் நனைத்த வடிதாளை மேலே பிடித்தால், ஹைட்ரஜன் சல்பைடு பட்டுக் கறுக்கும். வளவுச் சுவர்ச் செதிலில் தாள் கறுத்தது.

இரண்டுக்கும் அசையாத துகளை எஃகுக் கரண்டியில் சாராய விளக்கின் மேல் காட்டலாம். அவுரியானால் ஊதா ஆவி எழும், தாலோசயனின் கருகும், கோபால்ட் நீலம் அப்படியே இருக்கும்.

காலத்தைக் கணிக்க இவை தரும் எல்லை ஒருபக்கம் மட்டுமே. புரூசிய நீலம் 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. செயற்கை அல்ட்ராமரின் 1828இல். தாலோசயனின் 1930களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. 1900ஐ ஒட்டிக் கட்டிய வீட்டில் தாலோசயனின் கிடைத்தால் அது பின்னாளில் பூசியது என்று துணிந்து சொல்லலாம். அல்ட்ராமரின் கிடைத்ததை வைத்து அப்படி எதுவும் சொல்ல முடியாது, இன்றைக்கும் கடையில் கிடைக்கிறதே. இயற்கையா செயற்கையா என்பதற்கு நுண்ணோக்கி வேண்டும்: செயற்கைத் துகள்கள் சிறியவை, ஒரே அளவு, உருண்டை, லாபிஸ் என்னும் நீலக் கல்லை அரைத்த இயற்கை அல்ட்ராமரின் உடைந்த சில்லுகளாக, கால்சைட் கலந்து தெரியும்.

அடுத்தது சிவப்பு. சாதிலிங்கம், ஈயச் செந்தூரம், காவி மூன்றுக்கும் வில்லைகள் காய்கின்றன. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் செந்தூரம் மட்டும் பழுப்பாகும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.