இரவுப் பணிக்காரரின் பகல்

மும்பைக் கரையிலிருந்து மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாம்பே ஹை எண்ணெய் வயல். 1974-இல் 'சாகர் சாம்ராட்' என்ற ரிக் (கடலில் துளையிடும் மேடை) அங்கே எண்ணெய் கண்டது. அந்த வயலில் துளையிட்டுக்கொண்டிருந்த ஒரு ரிக்கில் மருத்துவராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். துளையிடும் வேலையை இரவு வந்துவிட்டது என்று நிறுத்த முடியாது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஒரு ஷிப்ட், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை இன்னொரு ஷிப்ட். நிரந்தர ஊழியர்களுக்கு 14 நாள் வேலை, 14 நாள் விடுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு 28 நாள்; மாற்று ஆள் வராவிட்டால் அதற்கும் மேல்.

கை நசுங்கியவர்களையும் தீக்காயம் பட்டவர்களையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அவர்களும் வந்தார்கள், ஆனால் அரிதாக. அன்றாடம் வந்தவர்கள் தலைவலி, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், காரணமில்லாத கோபம், ஏறிக்கொண்டே போகும் ரத்த அழுத்தம் என்று வந்தார்கள். எங்கே சுற்றினாலும் பேச்சு தூக்கத்தில் வந்துதான் நின்றது. அவர்கள் கேட்டது மாத்திரை. கரையிலிருந்து அல்பிரசோலம் என்ற உறக்கம் தரும் மாத்திரை அட்டையைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சளிக்குக் கொடுக்கும் மாத்திரையைத் தூக்கத்துக்காகக் கேட்டு வாங்கிப்போனவர்களும் உண்டு.

ஒருநாள் அதிகாலை நான்கு மணி வாக்கில், சப்ளை படகிலிருந்து உணவு கன்டெய்னரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிரேனில் இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அந்த வேலையில் தலை நரைத்தவர். கீழே நின்ற சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் 'நிறுத்து' என்று சொன்ன பிறகும் சில விநாடிகள் சுமை நகர்ந்தது. கைப்பிடிக் கம்பியில் மோதி அதை வளைத்துவிட்டு நின்றது. அந்த இடத்தில் யாரும் இல்லாததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. காலையில் அறிக்கை தயாரானது. காரணம்: கவனக்குறைவு. நடவடிக்கை: எச்சரிக்கப்பட்டார். அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஹெல்மெட் அணிந்திருந்தாரா, கையுறை இருந்ததா, கிரேனின் சான்றிதழ் எந்தத் தேதியோடு முடிகிறது, காற்றின் வேகம் என்ன என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அந்த மனிதர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்க ஒரு வரி இல்லை.

அவரை அழைத்து உட்காரவைத்து, "அண்ணாச்சி, முந்தின நாள் பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"படுத்தது ஏழு மணிக்கு டாக்டர். ஒன்பது மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும் என்று கதவைத் தட்டினார்கள். பத்தரைக்கு ஆபத்துக்கால ஒத்திகைக்கான டிரில் மணி அடித்தது; லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டு வந்தேன். மத்தியானம் தலைக்கு மேலே துரு தட்ட ஆரம்பித்தார்கள். தூக்கம் எங்கே, கண்ணை மூடிக் கிடந்தேன், அவ்வளவுதான்."

கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரம்கூடத் தேறவில்லை, அதுவும் துண்டு துண்டாக. அவர் தூங்கத் தெரியாதவர் அல்ல, அவரைத் தூங்கவிடவில்லை. என் வேலையின் போக்கையே மாற்றியது இந்த வேறுபாடுதான். இரவுப் பணிக்காரரின் தூக்கம் அவர் கையில் இல்லை. பகலில் விழித்திருப்பவர்களின் கையில் இருக்கிறது. அதுவரை களைப்பைப் பற்றி ரிக்கில் நடந்த பாதுகாப்பு வகுப்புகள் எல்லாம் தூங்க வேண்டியவருக்குத்தான் புத்தி சொல்லிக்கொண்டிருந்தன: நேரத்தோடு படுங்கள், செல்போன் பார்க்காதீர்கள், காபியைக் குறையுங்கள். தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவுதான்.

அடுத்த சில நாட்கள் காலை எட்டு மணி முதல் மதியம் வரை கேபின்கள் இருக்கும் நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காதில் விழுந்ததை எல்லாம் எழுதினேன். கூரையில் இருந்த ஒலிபெருக்கி சில நிமிடங்களுக்கு ஒருமுறை யாரையாவது அழைத்தது. எலெக்ட்ரீஷியன் ரேடியோ அறைக்கு வரவும். ஸ்டோர் கீப்பர் 212-ஐ அழைக்கவும். தேவைப்பட்டவர் ஒருவர், செய்தி போனதோ உறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும். நடைபாதைக் கோடியில் இருந்த இரும்புக் கதவை மெல்ல மூடவைக்கும் குளோசர் பழுதாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் அது அறைந்து மூடியபோது சுவர் அதிர்ந்தது. துப்புரவு இயந்திரம் பத்து மணிக்கு வந்தது. பகல் ஷிப்ட்காரர்கள் மறந்துவைத்த கண்ணாடியையும் சிகரெட்டையும் எடுக்கக் கேபினுக்குள் வந்து விளக்கைப் போட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்கும் சத்தத்தை நம்மால் தடுக்க முடியாது. மற்றது எல்லாம் மனிதர்கள் செய்வது, மாற்றிக்கொள்ளக்கூடியது.

அந்தத் தாள்களோடு ரிக் மேலாளரிடம் போனேன். கூடவே ஒரு கணக்கையும் எடுத்துச் சென்றேன். டாசன், ரீட் என்ற இருவர் 1997-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்ச வரம்பே 0.03 சதவீதம்தான். ஹெலிகாப்டரில் ஏறும் முன்பே எங்களை ஊதச் சொல்லிச் சோதிப்பார்கள். வாசனை வந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே அளவு தடுமாறுகிற ஒருவரை நாமே நள்ளிரவில் கிரேனில் ஏற்றுகிறோம் என்று சொன்னேன். மேலாளரும் முன்பு துளையிடும் இயந்திரத்தை இயக்கிய டிரில்லர், இரவு ஷிப்டிலேயே வளர்ந்தவர். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்ன மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்றார்.

மாற்றியவை பெரிய செலவு வைக்கவில்லை. அவசர அறிவிப்பு தவிர வேறு எதுவும் கேபின் ஒலிபெருக்கியில் வராதபடி எலெக்ட்ரீஷியன் இணைப்பைப் பிரித்தார். ஆபத்துக்கால ஒத்திகை, மாலை ஷிப்ட் மாறும் நேரத்தை ஒட்டி நகர்ந்தது. இரண்டு ஷிப்டும் விழித்திருக்கும் நேரம் அதுதான். கேபின்களுக்கு மேல்தளத்தில் துரு தட்டும் வேலைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு முன் பெர்மிட் கிடையாது என்று ஆனது. படுக்கை விரிப்பு, அவரவர் வேலைக்குப் போயிருக்கும்போது மாற்றப்பட்டது. பொருட்களை உடை மாற்றும் அறை லாக்கரில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடியும்வரை அடுத்தவர் தூங்கும் கேபினுக்குள் கால் வைக்கக் கூடாது. கதவுக் குளோசருக்கு ஸ்டோரில் உதிரி பாகம் ஏற்கெனவே இருந்தது. விபத்து அறிக்கைப் படிவத்திலும் 'கடைசித் தூக்கம் எப்போது, எத்தனை மணி நேரம், இடையில் விழித்தாரா' என்று ஒரு வரி சேர்ந்தது. எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். கேள்வி தாளில் ஏறிவிட்டால் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு நகர்வது கடினமாகிவிடுகிறது.

சத்தத்துக்கு அடுத்தது வெளிச்சம். நம் உடல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது கண்ணில் விழும் ஒளி. அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் உடல் வெப்பம் மிகவும் தாழ்கிறது; அண்ணாச்சியின் கிரேன் நகர்ந்த நேரமும் அதுவே. அந்தத் தாழ்நிலைக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பகலை நோக்கித் தள்ளும். அதற்கு முன் படும் வெளிச்சம் இரவு விழிப்பை நோக்கித் தள்ளும். ஆகவே இரவுப் பணிக்காரருக்கு முன்னிரவில் நல்ல வெளிச்சமும், ஷிப்ட் முடிந்ததும் இருட்டும் தேவை. வட கடல் எண்ணெய் மேடைகளில் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃபின் ஆரென்ட் குழுவினர் ஆராய்ந்தபோது, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை தொடர்ந்து இரவில் வேலை செய்தவர்களின் உடல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டது. கரையில் இரவு வேலை செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் நடப்பதில்லை. காலை வெயிலில் வீட்டுக்குப் போகிறார்கள்; கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

எங்கள் கடலிலும் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இந்திய நேரம் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதால், மும்பைக்கு மேற்கே டிசம்பர் இறுதியில் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும். ஆறு மணிக்கு வேலை முடித்தவர் குளித்து, சாப்பிட்டு, இருட்டிலேயே படுத்துவிடலாம். ஜூனில் அவர் வெளியே வரும்போதே கிழக்கு வெளுத்திருக்கும். கோடையில் தூக்கப் புகார்கள் ஏன் கூடின என்பது அப்போதுதான் புரிந்தது. துளையிடும் தளத்திலிருந்து இறங்கும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னோம். "ஹெலிகாப்டர் தளத்தில் நின்று சூரியோதயம் பார்த்துக்கொண்டே ஒரு சிகரெட்" என்ற பழக்கத்தை விடுவதுதான் பலருக்குச் சிரமமாக இருந்தது.

வாராந்தர மாற்றம் பற்றி எங்களுக்குள் கடைசிவரை ஒத்த கருத்து வரவில்லை. முதல் ஏழு நாள் இரவு, அடுத்த ஏழு நாள் பகல் என்று மாறும் முறையைப் பலர் விரும்பினார்கள். காரணம் நியாயமானது: பகல் வாழ்க்கைக்குத் திரும்பிய உடலோடு வீட்டுக்குப் போகலாம், குழந்தைகளோடு விழித்திருக்கலாம். ஆனால் உடல் இரவுக்குப் பழகி முடிக்கும் நேரத்தில் அதைப் பிடுங்கி எறிகிறோம். மாறிய முதல் இரண்டு மூன்று நாட்களில் என்னிடம் வந்தவர்களின் முகமே சொல்லும். 14 நாளும் ஒரே ஷிப்டாக இருப்பதுதான் ரிக்கில் பாதுகாப்பு என்பது என் தீர்மானமான கருத்து. அதற்கான விலையை விடுப்பின் முதல் வாரத்தில் குடும்பம் கொடுக்கிறது என்பதையும் அறிவேன். அதனால்தான் அதை உத்தரவாகப் போடாமல் குழுவே முடிவெடுக்கட்டும் என்று சொன்னேன். மாறுகிற குழுக்களுக்கு, மாறும் நாளில் பளு தூக்கும் வேலை வேண்டாம் என்று ஒரு ஏற்பாடு மட்டும் செய்தோம்.

சாப்பாட்டில் நள்ளிரவு பிரியாணிக்குப் பக்கத்தில் இட்லியும் தயிர்சாதமும் வந்தன, நெஞ்செரிச்சல் குறைந்தது. இரண்டு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம் என்றோம். காபியின் பாதி வீரியம் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் நிற்கும். மூன்று மணி வாக்கில் இருபது நிமிடக் கண்ணயர்வுக்கு அனுமதி கேட்டபோதுதான் எதிர்ப்பு வந்தது. "தூங்குவதற்கா சம்பளம்?" என்றார் ஒரு மேற்பார்வையாளர். சில ஷிப்டுகளில் நடந்தது, சிலவற்றில் நடக்கவில்லை.

குறட்டை தனிக்கதை. ஒரு டிரில்லர், பருத்த கழுத்து, அடங்காத ரத்த அழுத்தம். எட்டு மணி நேரம் தூங்கியும் மெஸ்ஸில் சாப்பிடும்போதே தலை சாய்ந்தது. "மூச்சு நின்று நின்று வருகிறது டாக்டர், பயமாக இருக்கிறது" என்று சொன்னவர் அவருடைய கேபின் நண்பர். டிரில்லர் தானாகச் சொல்லவில்லை, தகுதிச் சான்றிதழ் போய்விடும் என்ற பயம். விடுப்பில் கரையில் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ள வைத்தோம். தூக்கத்தில் மூச்சடைப்பு என்று உறுதியானது. மூக்கில் மாட்டிக் காற்று செலுத்தும் கருவியோடு திரும்பி வந்தார். அதே வேலை, அதே பொறுப்பு. அவர் வேலை போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் என் அறைக்கு வந்து தங்கள் குறட்டையைப் பற்றிப் பேசினார்கள். தகுதிச் சான்றிதழைக் காட்டிப் பயமுறுத்தும் இடத்தில் எந்த மருத்துவருக்கும் உண்மை கிடைக்காது.

களைப்பைக் கணக்கெடுத்தபோது நாங்கள் எல்லோரும் முதலில் எண்ணத் தவறியவர்கள் சமையலறைப் பையன்கள். நான்கு வேளைச் சாப்பாடு. மூன்று மணிக்கு மாவு பிசைய எழுவார்கள், இரவு உணவுப் பாத்திரம் கழுவி முடிக்கப் பத்தாகும். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரமே பகல் தூக்கம். அவர்கள் வந்து 28 நாள் தாண்டியிருக்கும். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்ததை விசாரித்த அமைப்பு, அங்கே ஆபரேட்டர்கள் 29 நாட்களோ அதற்கும் மேலோ தொடர்ந்து தினமும் 12 மணி நேரம் வேலை செய்திருந்ததைப் பதிவு செய்தது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவருக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு வேலை நேரத்தை இரண்டாகப் பிரித்து, தொடர்ச்சியாக ஏழு மணி நேரம் படுக்கக் கிடைக்கும்படி செய்ய முடிந்தது. கேட்டரிங் ஒப்பந்தக்காரர் ஒரு ஆளைக் கூடுதலாக அனுப்பச் சம்மதித்ததால்தான் அதுவும்.

வீடு திரும்பும் நாள்தான் எனக்கு மிகவும் கவலை தந்தது. கடைசி இரவு ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடியும். எட்டு மணிக்கு ஹெலிகாப்டர், மும்பையின் ஜுஹு ஹெலிகாப்டர் தளத்தில் இறங்கி விமானம், மாலையில் சென்னை அல்லது மதுரை, அங்கிருந்து பஸ், பிறகு ஊரில் நிறுத்தி வைத்திருக்கும் பைக். முந்தின நாள் பகலில் எழுந்தவர் இரவு எட்டு மணிக்கு வண்டியை எடுக்கும்போது ஒரு நாளைக்கும் மேலாக விழித்திருக்கிறார். ரிக்கில் ஒரு விரல் கீறினாலும் அறிக்கை உண்டு. ஜுஹுவைத் தாண்டிவிட்டால் யார் கணக்கிலும் அவர் இல்லை. கடைசி இரவில் நள்ளிரவோடு விடுவித்துவிட்டால் ஐந்தாறு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று எழுதிக் கேட்டேன். நிரந்தர ஊழியர்களுக்குக் கிடைத்தது. அதை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் நீட்டிக்கக் கோரிய கடிதத்துக்கு நான் அங்கிருந்து விலகும்வரை பதில் வரவில்லை. எனக்குப் பின் பொறுப்பேற்ற மருத்துவரிடம் அதன் நகலைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் அதை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.